எந்தத் தண்ணி அண்ணா?

கல்லூரி வாசலில் நடந்த போராட்டத்துக்கு அதுவரை கிடைத்திருந்த ஒரே வெற்றி ஒரு தண்ணீர் டிரம். அதையும் யாரும் கேட்டுப் போராடவில்லை.

மாலை நேர வகுப்புகளை இழுத்து மூடப்போவதாகக் கல்லூரி அறிவித்ததும், பகலில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு குழாயுடையது. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. குழாய் ஸ்பீக்கர் கட்டிய மாதிரி ஒரு குரலும் இருந்ததால் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. கையில் பிடிக்கிற பேட்டரி மைக்கை வாயில் வைத்து அவன் ஒரு வரி சொல்வான், கூட்டம் அதை அப்படியே திருப்பிச் சொல்லும். யோசிக்க வேண்டிய சிரமம் அவனுக்கு மட்டும்தான். ஒருநாள் சாயங்கால வெயிலில் தொண்டை வறண்டு, மைக்கை அணைக்க மறந்து, பக்கத்தில் இருந்தவனிடம் "தண்ணி குடுப்பா" என்றான்.

"தண்ணி குடுப்பா!" என்று கூட்டம் முழங்கியது. முஷ்டிகள் உயர்ந்தன. ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுச் சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் வாசலில் பெரிய டிரம் ஒன்று நின்றது. டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று முதல்வர் அறையிலிருந்து அறிவிப்பு வந்தது. வகுப்புகளைப் பற்றி மூச்சு இல்லை.

பகலில் குழாய் வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுகிறவன். பட்டப்பெயருக்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இன்னும் ஒரு வருஷம் தாண்டிவிட்டால் பட்டம் கையில் வரும். மூடிவிட்டால் கேன்தான், முதுகு இருக்கிற வரைக்கும். ஆகவே அவன் கத்தியதில் ஒரு பொட்டுகூடப் பொய் இல்லை.

சிக்கல் டீக்கடையில் ஆரம்பித்தது. தலைவனுக்குத் தீர்மானம் என்று பெயர். டீயா காபியா என்பதைக்கூடத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டுத்தான் குடிப்பான். கல்லூரியின் நிதி அலுவலர் எழுதப்போகும் குறிப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவன் விசாரித்து வந்திருந்தான். கட்டுப்படியாகாது என்று அந்தம்மா எழுதினால் நிர்வாகக் குழு மூடிவிடும். சமாளிக்கலாம் என்று எழுதினால் மூடாது.

"நிதி மேடம் வீடு எங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்றான்.

"எனக்குத் தெரியுதோ இல்லையோ, என் முதுகுக்கு நல்லாத் தெரியும்" என்றான் குழாய். "மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு. எங்கப்பா மாதிரி. இருக்காரு, வேலை செய்ய மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் சிரிக்கவில்லை. அவன் நகைச்சுவையை வீணடிக்காதவன்.

"எந்தத் தெரு?"

சிரிப்பின் சூட்டில் குழாய் அதையும் சொல்லிவிட்டான். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆறு மணி, மேடம் வீட்டு வாசல்.

வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற அக்கா ஒருத்தி கூட்டத்தில் இருந்தாள். டைப் அக்கா என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். "தம்பி, காலேஜ் வாசல்ல கத்தினா போராட்டம். ஒரு பொம்பளை வீட்டு வாசல்ல போய்க் கத்தினா அதுக்கு வேற பேரு. அந்தப் பேரைத்தான் நான் தினம் டைப் அடிக்கிறேன்."

"அக்கா, நாம என்ன சண்டைக்கா போறோம்? மனு குடுக்கப் போறோம்."

"மனு குடுக்க மெக்கானிக் எதுக்கு?"

கூடப் படிக்கும் மெக்கானிக் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஸ்பானர் கிடைக்காதபோது அவற்றையே அவன் ஸ்பானராகப் பயன்படுத்துவது வழக்கம். "நான் மனுவைப் பிடிச்சுக்கறேன்" என்றான்.

"பயமுறுத்தணும்னு இல்லக்கா" என்றான் தீர்மானம். "நாம யாருன்னு காட்டணும். ஆபீஸ்ல ஜன்னலைச் சாத்திக்கறாங்க. வீட்ல என்ன பண்ணுவாங்க?"

கேட்டவர்களுக்கு இது பெரிய வாதமாகப் பட்டது. வீட்டிலும் ஜன்னல் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

 எப்படியாவது தடுக்கலாம் என்று குழாய் வாயைத் திறந்தான். "ஆறு மணிக்கு அவங்க இருக்க மாட்டாங்கப்பா. ஏழுக்கு மேலதான் வருவாங்க."

தீர்மானம் அவன் தோளில் தட்டினான். "பார்த்தியா, உன்கிட்ட எவ்வளவு தகவல் இருக்கு! இல்லாட்டிப் போகட்டும். அக்கம்பக்கம் பார்க்கும்ல? அது போதும்."

தகவல் இன்னும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை மேடத்தின் மகள் வீட்டில் தனியாக இருப்பாள். அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சட்டத்தில் விலக்கு ஒருவனுக்கு மட்டும்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், குழாய் கேனை இறக்கி மணியை அடித்ததும் உள்ளே விசாரணை ஆரம்பிக்கும்.

"யாரு?"

"தண்ணி அண்ணா."

"எந்தத் தண்ணி அண்ணா?"

"மூச்சு வாங்குற தண்ணி அண்ணா."

அதன் பிறகுதான் சங்கிலி கழலும். காலிக் கேனைக் காலாலேயே உருட்டிக்கொண்டு வருவாள். அவன் அவளைச் சின்ன மேடம் என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை மூச்சு வாங்காமல் நின்றதற்கு, "பொய் சொல்றீங்க, நீங்க வேற அண்ணா" என்று திறக்க மறுத்துவிட்டாள். கேனோடு கீழே இறங்கி மறுபடி ஏறி வந்தான்.

பாப்பா தனியா இருக்கும்டா என்று டீக்கடையில் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் லிஃப்ட் ஜோக்கு முகவரியானதையும், தடுக்கச் சொன்னது தகவலானதையும் இப்போதுதான் பார்த்திருந்தான். இது என்னவாகும் என்று தெரியவில்லை. விழுங்கிவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் குழாயின் அம்மா வெந்நீர் கொடுத்தாள். "தொண்டை என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு எங்கடா கத்தப் போற?"

"ஒரு வீட்டு முன்னாடி."

"யாருடா செத்துப்போனது?"

"யாரும் சாகலம்மா."

"அப்புறம் எதுக்கு வீட்டு முன்னாடி?"

அவன் வெந்நீரைக் குடித்தான். அதற்கு மட்டும்தான் வாயில் இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கேன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு மேடத்துக்கு ஒரு செய்தி எழுதினான். இன்று சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுங்கள் மேடம். படித்துப் பார்த்தான். மிரட்டல் மாதிரி இருந்தது. முன்னால் தயவுசெய்து என்று சேர்த்தான். இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் உங்கள் நலம் விரும்பி என்று போட்டதும் அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. மொத்தத்தையும் அழித்தான். மைக் என் கையில்தானே இருக்கப் போகிறது, வகுப்பைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டான்.

ஆறு மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்றபோது கூட்டம் வளர்ந்திருந்தது. பாதிப் பேரை எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. எங்கே நாலு பேர் நின்றாலும் ஐந்தாவதாக நிற்கிற பழக்கம் உள்ளவர்கள். கட்டடத்தின் வாட்ச்மேன் குழாயை அடையாளம் கண்டுகொண்டு கேட்டைத் திறந்தார்.

"என்னப்பா தண்ணி, இன்னிக்கு இவ்வளவு ஆளா? எத்தனை கேன்?"

"கேன் இல்லண்ணே."

"அப்ப மைக் எதுக்கு? பெல்லுதான் வேலை செய்யுதே."

குழாய் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனான். "மூடாதே மூடாதே, மாலை வகுப்பை மூடாதே!" கூட்டம் திருப்பிச் சொன்னது. கல்லூரி வாசலில் இதே வரி வானத்துக்குப் போய்க் கரையும். இங்கே நாலு சுவருக்குள் முட்டி மோதித் திரும்பி வந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. இரண்டாவது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், ஈரச் சட்டையைப் பிடித்தபடியே உள்ளே போனார்.

மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாய் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு அணைந்தது.

"பார்த்தியா?" என்றான் தீர்மானம். அவன் முகத்தில் விளக்கு எரிந்தது. "உள்ளதான் இருக்காங்க. ஒளியறாங்க."

"அது அவங்களா இருக்காதுடா."

"அப்ப யாரு?"

குழாய் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "தெரியல" என்றான்.

"நீ இங்கயே நின்னு கத்து. சத்தம் குறையக் கூடாது. நாங்க மேல போய் மனுவைக் குடுத்துட்டு வந்துடறோம்."

தீர்மானம் முன்னால் போக, மெக்கானிக் பின்னால் போக, அவர்களுக்குப் பின்னால் போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே பாதிக் கூட்டம் போனது. டைப் அக்கா கேட்டுக்கு வெளியே தெருவிலேயே நின்றுவிட்டாள். "படிக்கட்டு ஏறாதீங்கடா, படிக்கட்டு ஏறாதீங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் மைக் இல்லை.

குழாய் இன்னும் ஒரு வரி எடுத்துக் கொடுத்தான். அது முடிவதற்குள் கட்டடத்தின் வயிற்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மரக்கதவில் உள்ளங்கை. மெக்கானிக்கின் உள்ளங்கை.

அவன் ஓடினான். கேன் இல்லாமல் அந்தப் படிகளில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கேனோடு ஏறியபோதெல்லாம் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழி அடைத்துப்போயிருந்தது. தோளோடு தோளாக ஆட்கள். முன்னால் இருப்பவன் முதுகு, அதற்கு முன்னால் இன்னொரு முதுகு. எலும்பும் சதையும் நுழைய முடியாத இடத்தில் குரல் நுழையும். மைக்கை உயர்த்தினான்.

"கதவைத் தட்டாதீங்க!"

"கதவைத் தட்டாதீங்க!" என்று படிக்கட்டு முழுக்க முழங்கியது. மேலே மெக்கானிக் அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி கதவைத் தட்டினான்.

"நிறுத்துங்க!"

"நிறுத்துங்க!"

"டேய், நான் கோஷம் போடலடா!"

"டேய், நான் கோஷம் போடலடா!" கீழே முற்றத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்குப் பக்கத்திலிருந்த ஒருவன் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க அதைச் சொன்னான்.

கதவு அதிர்ந்தது. உள்ளே எதுவோ விழுகிற சத்தம், பாத்திரமோ நாற்காலியோ.  டீக்கடையிலிருந்து குழாய் விழுங்கி வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"உள்ள பாப்பா தனியா இருக்கு!"

"உள்ள பாப்பா தனியா இருக்கு!"

மூன்று மாடியும் முற்றமும் தெருவும் சேர்ந்து சொன்னது. எந்த ஒன்றை அவன் ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தானோ, அதை ஊரே கை உயர்த்திச் சொல்லியது. அடுத்த வரிக்காகக் காத்திருந்தது. அடுத்த வரி வரவில்லை. அந்த இடைவெளியில்தான், தாங்கள் சொன்னது என்னவென்று சிலருக்குக் காதில் விழுந்தது. ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். கண்ணை மூடியிருந்தவன் திறந்தான். மேலே தட்டுவது நின்றது.

வழி கொஞ்சம் விட்டது. குழாய் முதுகுகளுக்கு நடுவே நுழைந்து மேலே போனான். மெக்கானிக் கதவிலிருந்து எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் வைத்துக்கொண்டிருந்தான். "எனக்கும் ஒண்ணு இருக்குடா வீட்ல" என்றான். "முன்னாடியே சொல்லித் தொலைக்க மாட்டியா?"

தீர்மானம் மட்டும் தளரவில்லை. "குழந்தைதானா? நல்லதாப் போச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "குழந்தை கையில மனுவைக் குடுத்துடலாம். போட்டோ நல்லா வரும். திறக்கச் சொல்லு."

"யாரு?" என்றது கதவு.

 சிறிய குரல். நடுங்கியது, ஆனால் சட்டப்படி கேட்டது. இத்தனை பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மாணவர்கள் என்று சொல்லலாம். போராட்டக் குழு என்று சொல்லலாம். யாரும் சொல்லவில்லை.

"தண்ணி அண்ணாவா?" என்றது குரல். "உங்க குரல் கேட்டுச்சு."

குழாய் கதவிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"எந்தத் தண்ணி அண்ணா?"

தீர்மானம் அவன் விலாவில் இடித்தான். "சொல்லுடா. உனக்குத் திறக்கும் போல."

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். ஆனால் மூன்று மாடி ஓடி வந்த நெஞ்சு வாய் சொல்வதைக் கேட்குமா? மூக்கு வழியாக, பல் இடுக்கு வழியாக, கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு வந்துகொண்டே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காது ஒட்டியிருப்பது இவனுக்குத் தெரிந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு சங்கிலி நகர்கிற சத்தம். அதோடு சேர்ந்து, காலிக் கேனைக் காலால் உருட்டுகிற சத்தமும்.

கதவு அசைவதற்குள் குழாய் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தான். மைக் கழுத்தில் தொங்கிக் கதவில் இடித்தது.

"திறக்காதே! சங்கிலியைப் போடு!"

"ஏன்?"

"இன்னிக்கு நான் தண்ணி அண்ணா இல்ல."



"அப்ப யாரு?"

சங்கிலி மாட்டப்படவில்லை. இவன் கைப்பிடியை விடவில்லை.  தீர்மானம் அவன் காதருகில், "துரோகி மாதிரி நிக்காதே. நான் ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடறேன், அவ்வளவுதான்" என்று முனகினான்.

"இந்தக் கதவுல கையை வை, படியில உருண்டு போவே" என்றான் குழாய். தன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில் அவனே திடுக்கிட்டான். யாரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க."

கீழேயிருந்து வந்த குரல். கூட்டம் பழக்க தோஷத்தில் ஒதுங்கியது. "பார்த்து மேடம், அந்தப் படி ஒடஞ்சிருக்கு" என்று எவனோ மரியாதையாகச் சொன்னான். வாட்ச்மேன் போன் போட்டிருக்க வேண்டும், ஏழு மணிக்கு முன்பே மேடம் ஒரு கையில் பையும் ஒரு கையில் செருப்புமாக வந்தார். ஓடி வந்ததில் செருப்பு அறுந்திருந்தது. தெருமுனையிலேயே கேட்டிருக்கும், தன் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று ஊர் கூடிச் சொன்னது.

மேலே வந்து நின்று பார்த்தார். கழுத்தில் மைக்கோடு ஒருவன் அவர் வீட்டுக் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி" என்றார். லீவு நாளில் கேன் கொண்டுபோனால் "வா தம்பி, மோர் குடிக்கிறியா" என்று கேட்கிற அதே தம்பிதான். "கையை எடு."

இழுத்தது திறப்பதற்கு இல்லை மேடம், மூடுவதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் யார் நம்புவார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கையை எடுத்தான்.

"நான்தான்மா" என்றார் மேடம் கதவிடம். கதவு அவர் நுழைகிற அளவுக்குத் திறந்து, உடனே சாத்திக்கொண்டது. ஒரு தாழ்ப்பாள், இன்னொரு தாழ்ப்பாள், பிறகு எதையோ இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம். தீர்மானம் குனிந்து மனுவைக் கதவடியில் தள்ளினான். அது பாதி உள்ளே போய், முட்டில் இடித்து, பாதி வெளியே நின்றது.

இறங்கும்போது ஒருவரும் கோஷம் போடவில்லை. வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குழாய் முகம் வந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. சமாளிக்கலாம் என்று மேடம் எழுதியிருந்தாராம். மாலை வகுப்புகள் தொடரும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வாசலில் குதித்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீடு தேடிச் சென்ற போராட்டத்தின் மகத்தான வெற்றி என்று தீர்மானம் ஒரு தீர்மானம் வாசித்தான்.

"நியாயம்னு எழுதினாங்களா, பயந்து எழுதினாங்களா?" என்று கேட்டாள் டைப் அக்கா.

"எழுதினாங்கல்ல?" என்றான் தீர்மானம்.

கோஷம் எடுத்துக் கொடுக்கக் குழாயைத் தேடினார்கள். அவன் மைக்கை டிரம்மின் மேல் வைத்துவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தான். ஆசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை. அவன் அத்தனை ஆசைப்பட்ட பெஞ்சு அது. உட்கார முடிந்தது, சாய முடியவில்லை.

கேனை நிறுத்தச் சொல்லி மேடத்திடமிருந்து செய்தி வரும் என்று தினமும் போனைப் பார்த்தான். வந்தது வேறு. "வாசலிலேயே வெச்சிடுங்க. பெல் அடிக்க வேண்டாம்." வா போ என்று பேசிக்கொண்டிருந்தவர் மரியாதை கொடுத்திருந்தார். அவன் அந்தச் செய்தியைப் பல தடவை படித்தான். மன்னித்துவிட்டதால் நிறுத்தவில்லையா, நிறுத்தச் சொல்லப் பயமா? வகுப்பு கிடைத்ததிலும் அதே சந்தேகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இனிமேல் அவன் என்ன கேட்டாலும் அந்த வீட்டில் பயந்துதானே பதில் சொல்வார்கள்.

கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். வெளியே நிற்பவரைப் பார்க்கக் கதவில் புதிதாகக் கண்ணாடி ஓட்டைகள் போட்டிருந்தார்கள், பெரியவர்கள் உயரத்தில் ஒன்று, அதற்குக் கீழே சின்ன மேடம் உயரத்தில் இன்னொன்று. காலிக் கேன் ஏற்கெனவே வெளியே வைக்கப்பட்டிருந்தது. நிரம்பியதை இறக்கி வைத்தான். மூச்சு வாங்கியது. உள்ளே விளையாட்டுச் சத்தம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது.

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். மூச்சு வாங்குவது உள்ளே கேட்காதபடி, காலிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒவ்வொரு படியாக இறங்கினான்.